அத்தியாயம் 6: ‘புட் அப் வித்’துக்கு ஜெர்மனில் என்ன சொல்வது?

விமானம் ‘டேக் ஆஃப்’ ஆகிறது. வீட்டுக்குள் வந்தவர் கோட்டை ‘டேக் ஆஃப்’ செய்கிறார். பிறகு கண்ணாடியை. செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறவரும், புதிதாகத் தொடங்கிச் சூடுபிடிக்கும் கடையும் அதே இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஜெர்மனில் இவை ஐந்தும் ஐந்து வினைகள். விமானம் தரையை விட்டு எழும்புவது ‘அப்-ஹேபென்’. கோட்டைக் கழற்றுவது ‘அவுஸ்-ட்சீயென்’. கண்ணாடியை எடுப்பது ‘அப்-நேமென்’. லீவு போடுவது ‘ஸிஷ் ஃப்ரை-நேமென்’. கடை சூடுபிடிப்பது ‘இன் ஷ்வுங் கொமென்’, அதாவது வீச்சு எடுப்பது.

சூடுபிடிக்கும் தொழிலுக்கும், திடீரென உயரும் பாடகருக்கும் ‘டுர்ஷ்-ஷ்டார்ட்டென்’ என்ற வினையையும் ஜெர்மன் பத்திரிகைகள் தாராளமாக எழுதும். அதைப் பார்த்துவிட்டு விமானம் பற்றிய கட்டுரையில் ‘டேக் ஆஃப்’ வரும் இடத்திலும் இதையே போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். விமானத்துறையில் ‘டுர்ஷ்-ஷ்டார்ட்டென்’ என்பது, தரையிறங்க வந்த விமானம் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவது. ஓடுதளம் தெரியாதது போன்ற நிலையில் விமானி எடுக்கும் முடிவு அது. சாதாரணப் புறப்பாட்டுக்கு ‘ஷ்டார்ட்டென்’ போதும்.

இந்த அத்தியாயத்தில் ஜெர்மன் வினைகளின் நடுவே வரும் சிறுகோடு, வினை எந்த இடத்தில் இரண்டாகப் பிரியும் என்பதைக் காட்டுகிறது. ஜெர்மன் எழுத்துமுறையில் அந்தக் கோடு கிடையாது. கோடில்லாமல் வரும் வினை பிரியாதது.

இரண்டு மொழிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆங்கில ‘அப்’பும் ஜெர்மன் ‘அவுஃப்’பும் ஒரே வேர். ‘அவுட்’டுக்கு ‘அவுஸ்’, ‘ஆஃப்’புக்கு ‘அப்’, ‘ஆன்’னுக்கு ‘அன்’, ‘த்ரூ’வுக்கு ‘டுர்ஷ்’ என்று உறவு தெளிவாகத் தெரிகிறது. பழைய ஆங்கிலமும் ஜெர்மனைப் போலவே இந்தச் சின்னச் சொற்களை வினைக்கு முன்னால் ஒட்டி எழுதியது. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’, ‘ஃபர்கிவ்’ எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். ‘ஃபர்கிவ்’வின் ஒன்றுவிட்ட சகோதரன் ஜெர்மனில் இன்றும் ‘ஃபெர்கேபென்’ என்று நடமாடுகிறான். காலப்போக்கில் ஆங்கிலம் பெரும்பாலான முன்னொட்டுகளை உதிர்த்துவிட்டு, சின்னச் சொல்லை வினைக்குப் பின்னால் தனியாக நிறுத்தப் பழகியது. வெளிநாட்டவரை இது எவ்வளவு திணறடிக்கிறது என்பதை சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரைப் பரப்பியது லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட நூல்.

உறவு இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் சிக்கல். ‘கிவ் அப்’ என்றால் ‘அவுஃப்-கேபென்’. ‘வேக் அப்’ என்றால் ‘அவுஃப்-வாகென்’. ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் ‘அவுஃப்-ஷ்டேயென்’. மூன்றும் சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றன. நாலாவதாக ‘ஈட் அப்’ வருகிறது, ‘அவுஃப்-எஸ்ஸென்’ என்று அதுவும் பொருந்துகிறது. இதற்குள் கற்பவர் மனதில் ஒரு சூத்திரம் உருவாகிவிடும். ஐந்தாவதில் அது உடைகிறது. ‘ட்ரிங்க் அப்’ ஜெர்மனில் ‘அவுஸ்-ட்ரிங்கென்’. கோப்பையை வெளியே ஊற்றிக் காலி செய்வது போன்ற பார்வை. ‘டேர் அப்’ என்றால் ‘ட்செர்ரைஸென்’. முன்னொட்டு உண்டு, ஆனால் அது பிரியவே பிரியாது. போனை ‘ஹேங் அப்’ செய்வது ‘அவுஃப்-லேகென்’, அதாவது மேலே வைப்பது. ‘தொங்கவிடு’ என்ற பொருளுள்ள ‘அவுஃப்-ஹெங்கென்’ சுவரில் படம் மாட்டத்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இங்கே தமிழ் கைகொடுக்கும். ‘ட்ரிங்க் அப்’பில் உள்ள ‘அப்’புக்கும் மேல்நோக்கிய திசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ‘குடித்துவிடு’ என்பதில் உள்ள ‘விடு’ என்ன வேலை செய்கிறதோ, அதைத்தான் அது செய்கிறது. வேலை முடிந்தது, மிச்சமில்லை. ‘கிழித்துப் போடு’, ‘தின்று தீர்’ என்று தமிழ் துணைவினையால் சொல்வதை ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே ‘அப்’பால் சொல்லிவிடுகிறது. ஜெர்மன் அதை ‘அவுஃப்’, ‘அவுஸ்’, ‘ஃபெர்’, ‘ட்செர்’ என்று பிரித்துக் கொடுக்கிறது. எந்த வினைக்கு எது என்பது வழக்கு தீர்மானிப்பது. ஆகவே ‘அப்’பைத் தூக்கி ‘அவுஃப்’பாக மாற்றும் முன், அது திசையைச் சொல்கிறதா, முடிவைச் சொல்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது வேலை, செயப்படுபொருளைப் பார்ப்பது. ‘புட் ஆன்’ நல்ல பயிற்சி. தமிழில் ‘போடு’ என்ற ஒரே சொல் சட்டைக்கும் கண்ணாடிக்கும் லைட்டுக்கும் போதும். எடை கூட ‘போட்டுவிடும்’. ஆங்கிலம் இதில் தமிழோடு ஒத்துப்போகிறது. ஜெர்மன் ஒத்துப்போவதில்லை. சட்டை, காலுறை என்றால் ‘அன்-ட்சீயென்’. தொப்பி, கண்ணாடி என்றால் ‘அவுஃப்-செட்சென்’. டை என்றால் ‘உம்-பின்டென்’. லைட், ரேடியோ என்றால் ‘அன்-மாகென்’. எடை என்றால் ‘ட்சூ-நேமென்’. மூக்குக் கண்ணாடியை ‘அன்-ட்சீயென்’ செய்தால் ஜெர்மன்காரருக்குப் பொருள் புரியும், ஆனால் கண்ணாடியை யாரோ பேன்ட் மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டது போலத் தோன்றும்.

எனவே ஃப்ரேசல் வெர்ப்பைக் கண்டதும் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் செலவழிக்கலாம். வினையைக் கையால் மறைத்துக்கொண்டு, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, அவருக்கு அது பிடித்திருக்கிறதா என்பதைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் எவ்வளவு தேவை என்பதை ‘புட் அப் வித்’ போல வேறெதுவும் காட்டாது. அதில் உள்ள ‘புட்’டுக்கும் ‘அப்’புக்கும் ஜெர்மன் பதிலில் நேரான இடமில்லை.

ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ரயில் நிலையம், இரவெல்லாம் சத்தம். வீடு பார்க்க வந்தவரிடம் தரகர், ஸ்டேஷன் அருகே வேண்டுமென்றால் சத்தத்தை ‘புட் அப் வித்’ செய்துதான் ஆகவேண்டும் என்கிறார். இதற்கு ஜெர்மன் ‘இன் கவுஃப் நேமென்’. சந்தையில் நல்ல சரக்கோடு சேர்த்துத் தரப்படும் சொத்தையையும் வாங்கிக்கொள்வது என்ற வியாபாரப் பேச்சிலிருந்து வந்த தொடர் அது. ஒரு வசதிக்கு விலையாக ஒரு தொல்லையை ஏற்கிறார்.

அவர் குடிவந்து ஆறு மாதமாகிறது. சத்தம் குறையவில்லை, இவரும் சண்டைபோடுவதை விட்டுவிட்டார். இப்போது அதே ஆங்கில வினைக்கு ‘ஸிஷ் அப்-ஃபின்டென் மிட்’ பொருந்தும்; இனி இது இப்படித்தான் என்று மனதைச் சமாதானம் செய்துகொள்வது. அவர் மனைவிக்கு அந்தச் சமாதானம் வரவில்லை, சத்தம் அவரை வதைக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார் என்றால் ‘எர்ட்ராகென்’. பார்க்க வந்த தோழி வியந்து கேட்கிறாள், இதை எப்படி ‘புட் அப் வித்’ செய்கிறாய் என்று. அவள் வாயில் வருவது ‘வீ ஹெல்ஸ்ட் டு டாஸ் அவுஸ்?’ என்ற கேள்வி. வினை ‘அவுஸ்-ஹால்டென்’, தாக்குப்பிடிப்பது. கட்டிட நிர்வாகம் விதியை மீறிய சத்தத்தைக் கண்டும் காணாமல் விட்டால் அது ‘டுல்டென்’. தடுக்க அதிகாரம் உள்ளவர் அனுமதித்துவிடுவது. வாடகைதாரர்கள் எதிர்ப்பே சொல்லாமல் வாடகை உயர்வை ஏற்றால் ‘ஹின்-நேமென்’.

கடைசியில் ஒருநாள் குடிவந்தவரே வெடிக்கிறார். இதை நான் ‘புட் அப் வித்’ செய்ய மாட்டேன்! இந்த இடத்தில் மேலே சொன்ன எதைப் போட்டாலும் கோபம் ஆறிப்போகும். ஜெர்மன் ‘டாஸ் லாஸே இஷ் மியர் நிஷ்ட் கெஃபாலென்’ என்கிறது. என்னிடம் இப்படி நடந்துகொள்ள விடமாட்டேன் என்பது பொருள். தன்மானம் அடிபட்டவர் பேச்சு. அகராதியில் இந்த ஏழும் ஒரே வரிசையில், காற்புள்ளி போட்டு அருகருகே நிற்கும். எது பொறுமை, எது தோல்வி, எது கோபம் என்று அந்தக் காற்புள்ளிகள் சொல்வதில்லை. ‘பொறுத்துக்கொள்’, ‘சகித்துக்கொள்’, ‘தாங்கு’ ஆகியவற்றின் வேறுபாட்டை உணரும் தமிழ்க் காது அந்த வேலையைச் செய்ய முடியும்.

சில இடங்களில் வினை மட்டும் மாறினால் போதாது, வாக்கியமே திரும்பி உட்கார வேண்டும். ‘ரன் அவுட் ஆஃப்’ அப்படிப்பட்டது. ஆங்கிலத்தில் ‘நாங்கள்’ எழுவாய், பால் செயப்படுபொருள் இடத்தில். ஜெர்மனில் பால்தான் எழுவாய்: ‘உன்ஸ் இஸ்ட் டி மில்ஷ் அவுஸ்கெகாங்கென்’. ‘உன்ஸ்’ என்பது ‘எங்களுக்கு’. தமிழிலும் ‘எங்களுக்குப் பால் தீர்ந்துவிட்டது’ என்றுதானே வரும்? ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குப் போகும் தமிழர்கள் பலர் இந்தக் குறுக்குவழியைக் கவனிப்பதில்லை. ‘கு’ உருபு வரும் தமிழ் வாக்கியங்களில் ஒரு பங்கு ஜெர்மன் டாட்டிஃப் வேற்றுமையில் அப்படியே உட்காரும். வீட்டுப் பேச்சில் இன்னும் சுருக்கமாக ‘டி மில்ஷ் இஸ்ட் அல்லெ’ என்பார்கள்.

‘லுக் ஃபார்வர்ட் டு’வும் திரும்ப வேண்டிய வாக்கியம்தான். முன்னால் பார்ப்பது எதுவும் ஜெர்மனில் இல்லை. மகிழ்வது மட்டும் உண்டு. ‘இஷ் ஃப்ரோயே மிஷ் அவுஃப் ஈரெ அன்ட்வோர்ட்’ என்று கடிதம் முடியும். இதில் ‘அவுஃப்’ வந்தால் இனி வரப்போவதை எண்ணி மகிழ்வது. ‘யூபர்’ வந்தால் கைக்கு வந்துவிட்டதை எண்ணி மகிழ்வது. பதில் வரும் முன்னே ‘யூபர்’ எழுதி அனுப்பினால், பெறுபவர் எந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்கிறார் என்று தேடுவார்.

சரியான வினை கிடைத்துவிட்டது. இனி அதை வாக்கியத்தில் வைக்க வேண்டும். முன்னொட்டு பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போகும். ‘ஏர் காப் டாஸ் ரவுஹென் நாஹ் ட்ஸ்வான்ட்சிஷ் யாரென் அவுஃப்’ என்பதில், இருபது ஆண்டுக்குப் பின் புகைபிடிப்பதை அவர் விட்டார் என்ற செய்தி ‘காப்’பில் தொடங்கி ‘அவுஃப்’பில்தான் முடிகிறது. ஜெர்மன் இலக்கணம் இதை வாக்கியத்தின் அடைப்புக்குறி என்ற பொருளில் ‘ஸாட்ஸ்கிளாமர்’ என்கிறது. மார்க் ட்வைன் 1880-இல் வெளியான பயண நூலின் பின்னிணைப்பில் இந்தப் பிரிவைப் பற்றி நீளமாகவே புலம்பினார். கொன்ராட் டூடென் தன் புகழ்பெற்ற ஜெர்மன் எழுத்துமுறை அகராதியை வெளியிட்டதும் அதே ஆண்டுதான்.

அடைப்பு மூடும்வரை பொருள் தொங்கும். ‘ஸீ ஷ்டெல்டெ டென் நோயென் கொலேகென் கெஸ்டர்ன்’ என்று ஒருவர் சொல்லி நிறுத்துகிறார். நேற்று அவள் புதிய சக ஊழியரை ஏதோ செய்தாள். அடுத்த சொல் ‘ஃபோர்’ என்றால் அறிமுகப்படுத்தினாள். ‘ஐன்’ என்றால் வேலைக்கு எடுத்தாள். ‘ப்ளோஸ்’ என்றால் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினாள். ஜெர்மனிலிருந்து உடனுக்குடன் வாய்மொழியாகப் பெயர்ப்பவர்கள் இந்தக் கடைசி ஓரசைக்காகக் காத்திருப்பது இதனால்தான்.

எழுதுகிறவருக்குள்ள பொறுப்பு, அந்தக் காத்திருப்பை நீட்டாமல் இருப்பது. ஆங்கில மூலத்தில் வினைக்குப் பின் மூன்று வரி விளக்கம் இருந்தால், அதை அப்படியே அடைப்புக்குள் அடைத்துக் கடைசியில் ஒரு ‘அவுஃப்’ வைக்கும் மொழிபெயர்ப்பு இலக்கணப்படி சரி, வாசிக்க வேதனை. விளக்கத்தைத் துணை வாக்கியமாக்கி, முன்னொட்டுக்குப் பின்னால் தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் பிரியாத வினை ஒன்றைத் தேடலாம்.

பிரியும், பிரியாத வினைகள் எழுத்தில் ஒரே உருவில் நிற்கும் இடங்களும் உண்டு. ‘உம்ஃபாரென்’ என்பதில் அழுத்தம் ‘உம்’மில் விழுந்தால் வினை பிரியும், வண்டியால் மோதிச் சாய்ப்பது பொருள். அழுத்தம் ‘ஃபா’வில் விழுந்தால் பிரியாது, சுற்றிக்கொண்டு போவது பொருள். ஒரு கம்பத்தை ஓட்டுநர் ‘உம்கெஃபாரென்’ செய்தால் போலீஸ் வரும், ‘உம்ஃபாரென்’ செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை.

மொழிபெயர்ப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லும் இப்படிப்பட்டதே. ‘யூபர்செட்சென்’ பிரியாவிட்டால் மொழிபெயர்ப்பது. பிரிந்தால் ஆற்றைக் கடத்திவிடுவது. மைன்ட்ஸ் நகருக்கும் கோப்லென்ட்ஸ் நகருக்கும் இடையே ரைன் நதியில் பாலமே இல்லை. அங்கே கார்கள் படகில் ஏறித்தான் மறுகரை போகின்றன. அந்தப் படகோட்டியின் வேலைக்கு இறந்தகால எச்சம் ‘யூபர்கெசெட்ஸ்ட்’. மொழிபெயர்ப்பாளருடையது ‘யூபர்செட்ஸ்ட்’. நடுவில் ஒரு ‘கெ’தான் வித்தியாசம்.

அடுத்தது, பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது. ஆட்கள் பீரோவை ‘கேரி அவுட்’ செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினால், கதை சொல்பவர் வீட்டுக்குள் இருக்கிறாரா தெருவில் இருக்கிறாரா என்று தெரியாது. தமிழில் ‘வெளியே கொண்டுபோனார்கள்’, ‘வெளியே கொண்டுவந்தார்கள்’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஜெர்மனும் அதே கேள்வியைக் கேட்கிறது. விலகிப் போனால் ‘ஹினவுஸ்-ட்ராகென்’, நெருங்கி வந்தால் ‘ஹெரவுஸ்-ட்ராகென்’. கதவைத் தட்டினால் உள்ளிருப்பவர் ‘ஹெரைன்!’ என்பது ‘உள்ளே வாங்க’ என்பதேதான். பேச்சில் ‘ரவுஸ்’, ‘ரைன்’ என்று இரண்டு திசைக்கும் ஒரே சொல் ஓடும்; கதாபாத்திரத்தின் உரையாடலில் அதை எழுதலாம், கதை சொல்பவரின் நடையில் யோசித்துச் செய்ய வேண்டும். இதே ‘கேரி அவுட்’ ஒரு ஆய்வைக் குறித்தால் ‘டுர்ஷ்-ஃபியூரென்’, ஒரு கட்டளையைக் குறித்தால் ‘அவுஸ்-ஃபியூரென்’. அப்போது நிற்கும் இடம் பொருட்டில்லை.

ஆங்கிலத்தில் நன்றாகப் பழகியவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். ஃப்ரேசல் வெர்ப் என்றால் பேச்சுவழக்கு, முறையான எழுத்துக்கு லத்தீன் வழிச் சொல் என்று பள்ளியில் படித்திருப்பார்கள். ‘புட் ஆஃப்’ வேண்டாம், ‘போஸ்ட்போன்’ எழுது என்பார் ஆசிரியர். ஜெர்மன் பிரியும் வினைகளில் அந்தத் தாழ்வு கிடையாது. ஒரு அரசாணையை ரத்து செய்வது ‘அவுஃப்-ஹேபென்’. சட்டப் புத்தகத்தில் வரும் அதே வினையால்தான் தரையில் விழுந்த பென்சிலையும் எடுக்கிறார்கள், நாளைக்கு வேண்டுமென்று கேக் துண்டை எடுத்தும் வைக்கிறார்கள். ரத்து செய்வதும் பத்திரப்படுத்துவதும் ஒரே சொல்லில் இருப்பதை ஹெகல் தன் தத்துவத்தின் மையத்திலேயே வைத்தார். ஆகவே மரியாதைக்காகப் பிரியும் வினையைத் தவிர்த்து, ‘-ஈரென்’ என்று முடியும் லத்தீன் வழி வினைகளை அடுக்கினால் ஜெர்மன் நடை விறைத்துப்போகும்.

கணினித் திரையில் வேலை எளிது. ஆங்கிலப் பொத்தானில் ஏவல் வினை இருக்கும், ஜெர்மன் பொத்தானில் பெரும்பாலும் வினையின் அகராதி வடிவமே இருக்கும். ‘லாக் இன்’ என்றால் ‘அன்-மெல்டென்’, ‘ஷட் டவுன்’ என்றால் ‘ஹெருன்டர்-ஃபாரென்’. வாக்கியமே இல்லாததால் முன்னொட்டு பிரியவும் இடமில்லை. பெர்லின் மெட்ரோவில் கதவு மூடும் முன் ‘ட்சுரூக்-ப்ளைபென் பிட்டெ’ என்று ஒலிக்கும் அறிவிப்பும் இதே வடிவம்தான்.

இவை எல்லாம் ஒரு சிறு மின்னஞ்சலில் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்கலாம். மூலத்தில் இரண்டு செய்திகள். கூட்டம் திங்களுக்கு ‘புட் ஆஃப்’ ஆகியிருக்கிறது. அறிக்கையை ‘லுக் த்ரூ’ செய்து, வெள்ளிக்குள் ‘கெட் பேக் டு மி’.

முதல் வினைக்கு ‘அவுஃப்-ஷீபென்’ கையில் இருக்கிறது. அது வேலையை நாளை நாளை என்று ஒத்திப்போடுவதற்கு நன்றாக இருக்கும். இங்கே புதிய நாள் குறிக்கப்பட்டிருப்பதால் ‘ஃபெர்ஷீபென்’ பொருத்தம். கூட்டமே கிடையாது என்றால் அது ‘கால் ஆஃப்’, ஜெர்மனில் ‘அப்-ஸாகென்’. ‘லுக் த்ரூ’ அதிர்ஷ்டவசமாக நேராக விழுகிறது: ‘டுர்ஷ்-ஸேயென்’. மூன்றாவதில் ‘பேக்’கைப் பார்த்து ‘ட்சுரூக்-கொமென்’ எழுதக் கை போகும். எழுதினால், வெள்ளிக்கிழமை ஆளே நேரில் திரும்பி வரவேண்டும் என்று படிப்பவர் நினைக்கலாம். அலுவலகத்தில் யாரும் சொல்வது ‘ஸிஷ் மெல்டென்’. தகவல் தருவது, தலைகாட்டுவது.

‘பிட்டெ ஸேயென் ஸீ டென் பெரிஷ்ட் டுர்ஷ் உன்ட் மெல்டென் ஸீ ஸிஷ் பிஸ் ஃப்ரைட்டாக் பை மியர்.’ எழுதி முடித்தபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ‘டுர்ஷ்’ அறிக்கைக்குப் பின்னால், ‘உன்ட்’டுக்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அவசரத்தில் அதை வெள்ளிக்கிழமைக்குப் பின்னால் தள்ளிவிடுவதுதான் இந்த வாக்கியத்தில் அடிக்கடி நேரும் பிழை.